எமி சாகாத பேருந்து

“உள்ள யாரும் இல்ல. வெளக்கு மட்டும் எரியுது. மேசையில ரெண்டு கோப்பை. ஒன்னுல காப்பி இன்னும் சூடா இருக்கு.”

துளசி நிறுத்தினாள். பேருந்து பாலத்தின் மேட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்தது. முன்வரிசையில் யாரோ பிளாஸ்டிக் பையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

“ரேமண்டு துப்பாக்கிய எடுக்கறான். ஹெலன் அவனுக்குப் பின்னால. அவ காலுக்கடியில என்னமோ ஈரம்.”

“ரத்தமாக்கா?”

“தண்ணி. குளிக்கிற ரூம்ல பைப்பு தொறந்து கெடக்கு.”

பேருந்து பாலத்தை விட்டிறங்கி பிறை ஊர்ப் பக்கம் வளைந்தது. அந்த வளைவு கடந்துபோகும்வரை யாரும் வெளியே பார்த்ததாகத் தெரியவில்லை. துளசிக்கு வேண்டியது அதுதான். அதற்குப் பிறகு அவள் குரலைத் தளர்த்திக்கொண்டாள்.

தீவிலிருக்கும் ஜோர்ஜ் டவுனிலிருந்து கடற்பாலம் தாண்டி ஜுருவுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்து அது. ஏழு மணி ஷிப்டுக்கு ஜெலுத்தோங்கில் ஐந்து ஐம்பதுக்கு வரும். முப்பத்தெட்டுப் பேர், பெரும்பாலும் பெண்கள். ஓட்டுநர் முகம்மது சுல்தான் துளசி ஏறியதும் வானொலியை அணைத்துவிடுவார். மலாய்க்காரியான நோர்மாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். மீதியைப் பக்கத்தில் இருப்பவள் மலாயில் சொல்ல வேண்டும். அதனால் நோர்மா எப்போதும் எல்லாருக்கும் கடைசியாகப் பயந்தாள்.

துளசிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக ஒரே தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பின் கீழே மின்பலகைகளைப் பார்த்துவருகிறாள். ஈயம் சரியாக ஒட்டாத புள்ளியைக் கண்டுபிடித்து ஒதுக்குவது வேலை. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் ஆங்கிலத்தில் மட்டும் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அந்த ஆங்கிலத்தை வேறெங்கும் பயன்படுத்த வாய்க்கவில்லை. சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடை ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை மீன் வாங்கப் போகும்போது மேலே ஏறி ஒரு நாவல் வாங்குவாள், படித்ததும் திருப்பிக் கொடுத்து வேறொன்றை எடுப்பாள். துறைமுகத்தில் லாரி ஓட்டும் அவள் கணவன் மோகனராஜ், பொண்டாட்டி கொலைகாரனைப் பிடித்த பிறகுதான் சோறு வடிப்பாள் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஐந்து வருடத்துக்கு முன்பு ஒருநாள் பாலத்தில் ஒரு டேங்கர் கவிழ்ந்து பேருந்து இரண்டு மணி நேரம் நின்றது. துளசியின் மடியில் புத்தகம் இருந்தது. அட்டையில் ஒரு ஆணும் பெண்ணும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடி துப்பாக்கியோடு நின்றார்கள். என்ன கதை என்று ஒருத்தி கேட்டாள். சொன்னாள். பேருந்து நகர்ந்தபோது யாருக்கும் அது பிடிக்கவில்லை.

ரேமண்டும் ஹெலனும் ஒரே காவல் நிலையத்தில் ஜோடியாக வேலை பார்க்கும் துப்பறிவாளர்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு தொடர் கொலைகாரன். ஒவ்வொரு புத்தகத்திலும் ரேமண்ட் ஹெலனிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பான், தொலைபேசி அடிக்கும். மொத்தம் ஆறு புத்தகம். பேருந்தில் ஒரு புத்தகம் முடிய எட்டு ஒன்பது மாதம் ஆகும். துளசி ஒவ்வொரு நாளும் எங்கே நிறுத்துவது என்று பக்க ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பாள்.

மூன்றாவது புத்தகத்தின் கொலைகாரன் பேருந்து நிறுத்தங்களில் தனியாக நிற்கும் பெண்களைக் கொல்பவன். அந்தக் கதை ஓடியபோது ஜெலுத்தோங் நிறுத்தத்தில் எல்லாரும் இரண்டிரண்டு பேராகத்தான் வந்து நின்றார்கள். அதில் நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் ஹெலனின் தங்கை எமி கொல்லப்படுகிறாள்.

அந்தப் பக்கத்துக்குத் துளசி வந்த வாரத்தில்தான் பேக்கிங் பிரிவு ரூபினி பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினாள். அவள் தங்கை லோஷினி, இருபத்துமூன்று வயது, செபராங் ஜெயாவில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தவள், மோட்டார்சைக்கிளில் போகும்போது பாலம் இறங்கும் வளைவில் லாரி மோதி இறந்துபோயிருந்தாள். ரூபினி மூன்றாவது வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்தாள். எல்லாரும் துளசியைப் பார்த்தார்கள்.

துளசி எமியைக் கொல்லவில்லை. கொலைகாரன் கையை ஓங்கும் நேரத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது என்றாள். ஓட்டுநர் கதவைத் திறந்தார், எமி ஓடி ஏறிக்கொண்டாள். சுல்தான் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, அந்த டிரைவருக்குப் பேரென்ன என்று கேட்டார். பேர் போடவில்லை என்றாள் துளசி. எமியைக் காப்பாற்றியதே டிரைவர்தான், பேரைப் போடாமல் விட்டுவிட்டானே என்று சுல்தான் ஜுரு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எமி எப்படி இருக்கிறாள் என்று அடுத்த வாரமே கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது கதையில் எமிக்குக் கல்யாணம் ஆனது. ஐந்தாவது கதையில் பெண் குழந்தை பிறந்தது. நோர்மா குழந்தையின் எடை கேட்டாள். மூன்று கிலோ இருநூறு என்றாள் துளசி. பெயரைப் பேருந்தே சேர்ந்து முடிவு செய்தது. ரூபினியும் ஒரு பெயர் சொன்னாள். நாளடைவில், பாலம் இறங்கும் வளைவு வரும்போது கதையின் இறுக்கமான இடம் வருகிற மாதிரி துளசி கணக்குப் போட்டுக்கொண்டாள். தங்கை சம்பந்தப்பட்ட பேச்சு எதுவும் அங்கே வராமலும் பார்த்துக்கொண்டாள்.

ஆறாவது புத்தகத்தை அவள் பாதிவரைதான் படித்துவிட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தாள். மீதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்து முடித்தாள். அதில் ரேமண்ட் கடைசியில் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுகிறான். எமி செத்த மாலையில் அவளைக் கூட்டிவரப் போக வேண்டியவன் அவன். இருபது நிமிடம் தாமதமாகப் போனான். அதை ஹெலனிடம் மூன்று வருடம் மறைத்தான். ஹெலன் பிரிந்து போகிறாள். கொலைகாரன் அவளைத் தனியாகப் பிடிப்பது அதனால்தான். பிறகு இருவரும் சேர்வது எமியின் கல்லறைக்கு முன்னால்.

எமியின் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது.

திங்களும் செவ்வாயும் மைக்ரோஸ்கோப்பின் கீழே பலகைகள் நகர நகர ஹெலன் பிரிவதற்கு வேறு காரணங்களைத் துளசி வைத்துப் பார்த்தாள். ரேமண்டுக்கு இன்னொரு பெண் இருந்ததாகச் சொன்னால் பேருந்தில் அவனை மன்னிக்க மாட்டார்கள். கடன் வாங்கினான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கணவனிடம் கேட்டாள். அப்படியே முடிந்துவிட்டது, புத்தகம் கிழிந்துபோனது என்று சொல்லச் சொன்னான். இரண்டு நாள் காலையிலும் ரேமண்ட் வாயெடுத்தான், இரண்டு நாளும் அதற்குள் ஜுரு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பத்து மணி இடைவேளையில் ரூபினி கேண்டீனில் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னாக்கா, ரெண்டு நாளா ரேமண்டுக்கு வாயி தொறந்தே இருக்கு. ஈ பூந்துடப் போவுது.”

“ரோட்டுல ஜாம் இல்லல்ல. பஸ்ஸு சீக்கிரமா வந்துடுது.”

“நேத்து ஜாம் லா. கதையில மழை பெய்யுதுன்னு அரை மணி நேரம் சொன்னீங்க.”

துளசி பாலில்லாத தே ஓ தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“எமிய என்னா செய்யறதுன்னு தெரியல. அதானே?” என்றாள் ரூபினி.

துளசி கரண்டியை வைத்தாள்.

“மூனாவது புத்தகத்த நான் படிச்சிட்டேன். கடையில நீங்க திருப்பிக் குடுத்தீங்கள்ல, அதேதான். எமி சாகற பக்கத்துல கோடு போட்டு, பக்கத்துல ‘வேண்டாம்’னு எழுதியிருந்துச்சு. பென்சில்ல.”

“எப்ப படிச்ச?”

“லோஷினி போயி ரெண்டு மாசம் இருக்கும்.”

“அப்பறம் ஏன் அந்தப் புள்ளைக்கு நீயும் பேரு வச்ச?”

“மொதல்ல நல்லா இருந்துச்சுக்கா. பொய் சொல்லல. தூக்கம்கூட வந்துச்சு.” ரூபினி தட்டிலிருந்த மீ நூடுல்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். “இப்ப மூனு வருசம் ஆவுது. எமி புள்ளைக்குப் பல்லு மொளச்சிருச்சு, நடந்துருச்சு. அதுக்குக் காய்ச்சல் வந்தப்ப நோர்மா மருந்து சொன்னாங்க. லோஷினி பேர ஒருத்தர்கூட அந்த பஸ்ஸுல சொன்னதில்ல. வளைவு வந்தா எல்லாரும் உங்க வாயையே பாக்கறீங்க. நான் ஒருத்திதான் சன்னல்ல பாக்கறேன்.”

தன் ஏற்பாடு நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று மூன்று வருடமாகத் துளசி நினைத்திருந்தாள்.

“கொன்னுடுங்கக்கா,” என்றாள் ரூபினி.

பக்கத்து மேசையில் லைன் லீடர் தனேஷ் தலையைத் தூக்கினான்.

“கதையில லா. நீ சாப்புடு,” என்றாள் ரூபினி அவனிடம்.

அவன் குனிந்துகொண்ட பிறகு துளசி மெதுவாகக் கேட்டாள். “இப்ப போயி சொன்னா நான் பொய்க்காரின்னு ஆயிடாதா?”

“பொய்தானே சொன்னீங்க.”

இருவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மணி அடித்தது. ரூபினி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், டிரைவர் அண்ணனிடம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், அவர் மனசு கஷ்டப்படும் என்றாள்.

மறுநாள் புதன்கிழமை. மழை தூறியது. பேருந்து ஐந்து ஐம்பத்துமூன்றுக்கு வந்தது. துளசி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். சுல்தான் வானொலியை அணைத்தார். மூன்றாவது கதையில் ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டதாக அவள் சொன்னாள். அந்த நிறுத்தத்தில் பேருந்து நிற்கவில்லை, எமி அன்றைக்கே இறந்துவிட்டாள். அப்படியானால் குழந்தை என்று ஒருத்தி கேட்டாள். குழந்தை கிடையாது என்றாள். நோர்மாவுக்கு மலாயில் சொன்னார்கள். பின்னால் யாரோ, முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றார். சுல்தான் திரும்பிப் பார்க்கவில்லை. பாலம் ஏறும்போது, அந்த பஸ் நின்றிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

ரேமண்ட் இருபது நிமிடம் தாமதமாக வந்ததை ஹெலனிடம் சொன்னான். ஹெலன் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பாலம் இறங்கும்போது துளசி கதையை நிறுத்தினாள். வைப்பர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வளைவில், இங்கேதான் என்றாள் ரூபினி. நோர்மா தங்கையின் பெயரைக் கேட்டாள். ரூபினி சொன்னாள். நோர்மா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்த்தாள் என்று கேட்டாள். அதையும் ரூபினி சொன்னாள். பேருந்து ஆறு நாற்பத்தாறுக்கு ஜுரு சேர்ந்தது. துளசி அன்று நானூற்றுப் பன்னிரண்டு பலகைகளைப் பார்த்து ஒன்பதை ஒதுக்கினாள். ரூபினிக்கு ஓவர்டைம் இருந்ததால் மாலைப் பேருந்தில் அவள் வரவில்லை.