ஐரின் இறுக்கிய இரும்பு வளைவு

தேர்த் திருவிழாவன்று காலை, டிராக்டரில் கட்டியிருந்த பூ அலங்காரத்தை ஐரின் தன் இரண்டு கைகளாலும் அவிழ்க்க ஆரம்பித்தபோது, பெங்களூர் பிரேசர் டவுனை ஒட்டிய அந்தச் சின்ன மாதா கோயில் வளாகமே ஒரு கணம் மூச்சு விட மறந்தது.

"ஐயோ, ஐரின் அக்கா! என்னா பண்றீங்க? விடியறதுக்கு முன்னாடி வந்து கட்டினது அது!" என்று அலறினான் அலங்காரக்காரன் பழனிச்சாமி.

சம்பங்கிச் சரங்கள் ஒவ்வொன்றாக அவள் தோளில் விழுந்தன. ஐம்பதைத் தாண்டிய உடம்பு. திருவிழாப் பட்டுச் சேலையின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். டிராக்டர் ஓட்டுநரின் இருக்கையில், வெள்ளைச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக உட்கார்ந்திருந்த அவள் கணவன் டிரேவர், அவமானத்தில் முகம் சிவந்து கீழே குதித்தான்.

"ஐரி! பங்கு ஜனம் பூரா பாக்குது. மானத்த வாங்காத!"

"மானம் அப்புறம். மொதல்ல இதப் பாருங்க" என்று அவள் அந்த இரும்பு வளைவைப் பிடித்து அசைத்தாள்.

இருக்கைக்குப் பின்னால், ஓட்டுபவரின் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் வளைவு அது. அசைத்ததும் 'டொக்' என்றது.

அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களிடையே அதற்கு 'ஆர்ச்' என்றுதான் பெயர். கோயிலின் குட்டி டிராக்டர் வருஷம் முழுவதும் பள்ளி மைதானத்தில் புல் வெட்டும். திருவிழா வந்தால் மாதாவின் தேரை இழுக்கும். அந்த வளைவைப் பூ கட்டவும் ஒலிபெருக்கிக் குழாய் மாட்டவும் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்தான் என்றே எல்லோரும் நம்பினார்கள். தெருவில் தாழத் தொங்கும் கேபிள் வயர்களுக்காக அதை மடக்குவார்கள், வயரைத் தாண்டியதும் நிமிர்த்துவார்கள். மடக்கும் இடத்தைப் பூட்டும் இரும்பு 'பின்' எந்த வருஷமோ தொலைந்துபோக, அந்த ஓட்டையில் டிரேவர் ஓர் ஆணியைச் செருகிவிட்டான். அடியில் ஆட்டம் கண்டபோது சைக்கிள் டியூபை வெட்டித் திணித்தான். டிராக்டர் குடைசாய்ந்தால் ஓட்டுபவன் நசுங்காமல் காக்கவே அந்த வளைவு நிற்கிறது என்பதை அங்கே யாரும் யோசித்ததே இல்லை, ஐரினைத் தவிர.

அவளால் யோசிக்காமல் இருக்க முடியாது. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அவள் அப்பா சுரங்கப் பாதாளத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவர். காலையில் உள்ளே இறங்கிய மனிதர் சாயங்காலம் மேலே வருவாரா என்று வாசலைப் பார்த்தபடியே வளர்ந்த பெண் அவள். கல்யாணமாகி பெங்களூர் வந்த பிறகு, ஒயிட்ஃபீல்டு பக்கம் மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றில் போல்ட் முடுக்கும் வரிசையில் நின்று பாதி ஆயுசைக் கழித்தாள். தலைக்கு மேலே இருப்பது தாங்குமா என்ற கேள்வி அவள் ரத்தத்தில் ஓடியது.

தேருக்கு முந்தைய நாள், அந்த வளைவின் அடியில் இருந்த ஒரு போல்ட்டை அவள் வெறும் விரலால் திருகிப் பார்த்தாள். கழன்று கையோடு வந்துவிட்டது! ஒரு மனிதனின் உயிரைத் தாங்க வேண்டிய போல்ட், ஊறுகாய் பாட்டில் மூடி போல! டிரேவரிடம் காட்டினாள்.

"உனக்கு எதப் பாத்தாலும் ஆட்டம்தான். கட்டில் ஆடுது, ஃபேன் ஆடுது, புருஷன் ஆடுறான்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவள் சிரிக்கவில்லை. அந்த போல்ட்டையே மாதிரிக்கு எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு போனாள். கடை கடையாக ஏறி, தலையில் வலிமை எண் அடித்த கெட்டி போல்ட்டுகளையும் நட்டுகளையும் வாங்கி வந்தாள். கூடவே மடக்கும் இடத்துக்குச் சரியான பின்னும், அது நழுவாமலிருக்க ஒரு கிளிப்பும். அதிகாலையிலேயே முடுக்கிவிடலாம் என்றுதான் வந்தாள். அவளுக்கு முன்பே பழனிச்சாமி பூவைக் கட்டி முடித்துவிட்டான்.

"தேர் இழுத்து முடிச்சிட்டு மெதுவா பாக்கலாமே, சிஸ்டர்?" என்று கெஞ்சினான் கிளிஃபர்ட். டிரேவரின் பால்ய சிநேகிதன், அடுத்த தெருவில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். "இல்லேன்னா வெல்டிங் மெஷின் கொண்டாரேன். ரெண்டு பொட்டு வெச்சா ஜென்மத்துக்கும் அசையாது."

"வெல்டு வேணாம், கிளிஃபர்ட். சூடு பட்ட இடத்துல இரும்போட குணம் மாறிடும். வண்டி சாயறப்ப அங்கதான் ஒடியும். உங்க கிட்ட இறுக்கத்த அளந்து முடுக்கற டார்க் ரெஞ்ச் இருக்குல்ல, அதக் கொண்டாங்க போதும்."

கிளிஃபர்ட் டிரேவரைப் பார்த்தான். டிரேவர் வானத்தைப் பார்த்தான். பங்குத் தந்தைதான் மெல்லச் சொன்னார்: "மாதா காத்திருப்பாங்க டிரேவர். அவங்களுக்கு அவசரம் ஒண்ணுமில்ல."

ஐரின் மண்ணில் மண்டியிட்டாள். சைக்கிள் டியூபை உருவி எறிந்தாள். பழைய போல்ட்டுகளை எடுத்து, துளைகள் அகன்றிருக்கின்றனவா, வளைவில் எங்கேனும் கீறல் விட்டிருக்கிறதா என்று விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தாள். நல்ல வேளை, இரும்பு நன்றாகவே இருந்தது. துருவையும் மண்ணையும் துடைத்துப் புதிய போல்ட்டுகளை முதலில் கையால் பொருத்தினாள். பிறகு கிளிஃபர்ட் கொண்டுவந்த ரெஞ்சால் இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கினாள். வேண்டிய இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும். ஒவ்வொரு 'டக்'குக்கும் அவள் உதடுகள் அசைந்தன. கூட்டத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவள் ஜெபமாலை சொல்வது போலவே இருந்தது.

மடக்கும் இடத்து ஆணியைப் பிடுங்கி எறிந்து, புதிய பின்னைச் செருகிக் கிளிப்பை மாட்டினாள். கடைசியாக, இருக்கைக்கு அடியில் சுருண்டு கிடந்த பெல்ட்டை வெளியே இழுத்தாள்.

"இதயும் போடணும். பெல்ட் இல்லேன்னா, சாயற வண்டி உங்கள வெளிய வீசி அந்த ஆர்ச்சுக்கு அடியிலயே போட்டுடும்."

"தேர் இழுக்கறவன் பெல்ட் போட்டுக்கிட்டு ஒக்காந்தா ஜனம் சிரிக்கும் ஐரி!"

"சிரிக்கட்டும். நீங்க உயிரோட இருந்து அதக் கேளுங்க."

பெல்ட்டின் கொக்கியை அவன் கையில் வைத்தாள். டிரேவர் ஏறி உட்கார்ந்தான். பெல்ட்டை மாட்டிக்கொண்டான். ஆர்ச்சில் இனி எதையும் மாட்டக் கூடாது என்று அவள் சொல்ல, ஒலிபெருக்கி வேறு வண்டிக்குப் போனது. தேர் புறப்பட்டது. ஜனம் சிரிக்கத்தான் செய்தது. அன்று முழுவதும் அவன் மனைவியிடம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பெல்ட்டை மாட்டாமல் வண்டியை எடுக்கவுமில்லை.

அடுத்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட மறுநாள், பள்ளி மைதானத்தின் தாழ்வான ஓரத்தில், மழைநீர் ஓடும் ராஜகால்வாய்க் கரையை ஒட்டி மண் சமன் செய்துகொண்டிருந்தான் டிரேவர். சாப்பாட்டுக் கேரியரோடு ஐரின் மைதானத்துக்குள் நுழைந்த அதே நேரம், ஊறியிருந்த கரை ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்தது. அவள் கண்ணெதிரே டிராக்டரின் ஒரு சக்கரம் இறங்கியது. மறு சக்கரம் வானத்துக்கு எழும்பியது. பிறகு அந்த வண்டி முழுவதும், அவள் புருஷனையும் சேர்த்துக்கொண்டு, புரண்டு கரைக்குக் கீழே மறைந்தது.

கேரியர் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடினாள். "மாதாவே! மாதாவே!" என்ற குரல் தன்னுடையது என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

கரை விளிம்பில் வந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

டிராக்டர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மேற்கொண்டு புரளவில்லை. அந்த இரும்பு வளைவு ஈர மண்ணில் ஆழக் குத்தி ஊன்றியிருந்தது. ஒரு யந்திரத்தின் மொத்தக் கனமும் அதன் மேல் இறங்கியிருந்தது. அது ஒரு நூல் கூட விட்டுக்கொடுக்கவில்லை. வளைவுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி. ஒரு மனிதன் மட்டுமே இருக்கக்கூடிய, ஒரு தொட்டிலளவு இடைவெளி. அதற்குள், பெல்ட்டில் தொங்கியபடி, மீசையெல்லாம் சேறாக, டிரேவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தான். சாவியைத் திருப்பி இன்ஜினைக்கூட அணைத்திருந்தான்.

"ஐரி... பெல்ட்டு இடுப்ப அறுக்குது."

அவள் சிரித்தாளா, அழுதாளா? இரண்டும் ஒன்றாகப் பீறிட்டது. "அவுக்காதீங்க! ஆள் வந்து தாங்கட்டும். அப்பறம் அவுக்கலாம்!" என்று கத்தினாள். அவள் அலறல் கேட்டு கிளிஃபர்ட்டும் பழனிச்சாமியும் ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். விலாவில் ஒரு கன்றலோடு மனிதன் முழுசாக மண்ணில் கால் ஊன்றினான்.

கிரேன் வந்து டிராக்டரை நிமிர்த்தியபோது மைதானத்தில் பங்கே கூடிவிட்டது. பெண்கள் அந்த வளைவைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். திருவிழாவில் பெல்ட்டைப் பார்த்துச் சிரித்தவர்களே இப்போது அந்த இரும்பின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஓரிடத்தில் பெயிண்ட் உரிந்ததைத் தவிர, பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

"பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகல! இனிமே எத்தன வருஷம் ஆனாலும் இதான் நம்ம டிரேவர் அண்ணன காப்பாத்தும்" என்றான் பழனிச்சாமி, கண்கள் பளபளக்க.

ஐரின் அந்த வளைவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குழந்தையின் நெற்றியில் ஜுரம் பார்ப்பது போல வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இல்ல பழனி. இது ஒரே ஒரு தடவ தாங்கறதுக்குப் பொறந்தது. தாங்கிடுச்சு. உள்ளுக்குள்ள எவ்ளோ வலிய வாங்கியிருக்குன்னு நம்ம கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு தடவ இதுகிட்ட கேக்கக் கூடாது. புதுசுதான் போடணும்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. புதியது வரும்வரை புல் வெட்டுவது யார், நன்றாகத்தானே நிற்கிறது என்று பேச்சு கிளம்பியது. எல்லோரும் டிரேவரைப் பார்த்தார்கள். கட்டில் ஆடுது, புருஷன் ஆடுறான் என்று கேலி செய்த மனிதன், விலாவைப் பிடித்தபடி மெல்ல மெல்ல டிராக்டரிடம் போனான். சாவியை உருவினான். நேராகப் பங்குத் தந்தையிடம் வந்து அவர் கையில் வைத்தான்.

"புது ஆர்ச் வரட்டும், ஃபாதர். இவ கையால முடுக்கட்டும். அதுக்கப்பறம் என்கிட்ட குடுங்க."