மொண்ணை அருவா

மீன் கடைக்குப் போகும் வழியில் என் மனைவியின் கைத்தடி முறிந்தது. பக்கத்தில் சுவர் இருந்ததால் பிழைத்தாள். மூட்டில் அறுவை செய்துகொண்டவள். அலுமினியத் தடியைத் தொட மாட்டேன் என்றாள்: "ஆஸ்பத்திரிக் கட்டில் காலு மாதிரி இருக்கு." தடி இல்லாவிட்டால் அவள் வீட்டோடு, மீன் வாங்க நான். நான் வாங்கிவரும் மீனைப் பற்றி அவள் சொல்வதை எழுத முடியாது.

முறிந்த இடத்தைப் பார்த்தேன். மர ரேகை தடியோடு நீளமாக ஓடாமல் குறுக்கே சரிந்திருந்தது. ரம்பத்தில் அறுத்தெடுத்த தடி; ரம்பத்துக்கு ரேகையைப் பற்றி என்ன கவலை? ரேகையோடு பிளந்து எடுத்தால் இப்படி முறியாது என்று கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் காட்டினார். அவர் கையில் இருந்தது ஃப்ரோ. முழ நீள இரும்புப் பட்டை, ஒரு முனையில் வளையம், வளையத்தில் செங்குத்தாக மரப்பிடி. கட்டையின் தலையில் வைத்து, பட்டையின் முதுகில் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் அடித்து, பிடியை நெம்பினால் மரம் திறந்துகொள்கிறது.

நான் சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தமிழில் பெயரில்லாத பொருளை எந்த வகையில் சேர்ப்பது? வகை தெரியாத பொருள் துறைமுகத்தைத் தாண்டாது. இது கோடரி இல்லை, அருவாள் இல்லை. ஆப்பு என்றால் பிடி இடிக்கிறது. படம் வரைந்து பட்டறைக்கு எடுத்துப் போனேன். கொல்லர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரை அண்ணாச்சி வெட்டப் போறீய?"

"மரத்தை. அதுவும் வெட்ட இல்ல, பிளக்க."

"எல்லாரும் மரம்னுதான் சொல்லுதாவ. அருவா அடிக்கணும்னா போலீஸ் உத்தரவு, ஆதார் நகல் கொண்டாங்க."

அவர்மேல் எனக்கு உடனே மரியாதை வந்தது. கையொப்பமிட்டே கொடுத்தேன்.

பழைய லாரி வில்பட்டையில் அடித்துத் தந்தார். சவரம் செய்யலாம், அவ்வளவு கூர்மை. சவுக்குக் கட்டையில் வைத்து அடித்தேன். ஆழமாக இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. நெம்பினேன், இழுத்தேன், காலை ஊன்றி ஆட்டினேன். மனைவி ஜன்னலிலிருந்து கேட்டாள்: "ஏங்க, கட்டைக்குப் பிடி போட்டிருக்கீங்களா?"

மறுபடி அந்த வெள்ளைக்காரரைப் பார்த்தேன். அவருடைய பட்டையில் விளிம்பு என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. ஏன்? யோசிக்க யோசிக்கப் பிடிபட்டது. விளிம்புக்கு வேலை முதல் அடியில் மட்டும்தான். அப்புறம் வெடிப்பு அதற்கு முன்னால் ஓடிவிடுகிறது; மரத்தை விலக்குவது பட்டையின் தடித்த கன்னங்கள். என்னுடையதில் கன்னமே இல்லை. எங்கள் ஊர்க் கொல்லரிடம் இரும்பைக் கொடுத்தால் கை தானாக அருவாளுக்குத்தான் போகும்.

திரும்பப் போனேன். "இதை மழுக்கித் தரணும்."

அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். "ஏலே, இங்கன வா! அருவாளை மழுக்கச் சொல்லுதாரு!"

மெலிந்த விளிம்பைத் தேய்த்தெடுத்துக் குட்டை ஆப்பாக்கித் தந்தார். "இதுக்கு ஆதாரே வேண்டாம் அண்ணாச்சி. இது மொண்ணை அருவா."

பெயர் கிடைத்துவிட்டது.

இந்த முறை கட்டை முனகிக்கொண்டே திறந்தது. பாதியில் வெடிப்பு ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கியது. தடித்த பாதியைக் கீழே திருப்பி அதை வளைத்து அழுத்தினால் வெடிப்பு நடுவுக்குத் திரும்புகிறது. மரம் சொல்பேச்சுக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கிடைத்த துண்டில் ரேகை தலையிலிருந்து கால்வரை அறுபடாமல் ஓடியது. செதுக்கி, தேய்த்து, அடியில் ரப்பர் மாட்டி நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "நீங்கதான கனம். மொதல்ல நீங்க ஊணிப் பாருங்க."

முழு பாரத்தையும் போட்டேன். வளைந்தது, முறியவில்லை. பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "பின்னால வரக் கூடாது."

தட்டும் சத்தம் தெருமுனை வரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. நான் வாசலிலேயே நின்றேன், வேறு வேலை இல்லாதவன் மாதிரி.

பெரிய பாரை மீனோடு வந்தாள். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மீனின் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த மொண்ணையக் கொண்டாங்க. இதப் பிளக்குமா பாப்போம்."

மீன் தலைக்கு ரேகை எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்துக்கொண்டே எடுக்கப் போனேன்.