பாண்டிக்குப் போட்ட இலை

நீங்க நம்பப் போறதில்ல, தெரியும். எங்க வீட்டுலயே என் பேச்சை ஒருத்தரும் நம்புறதில்ல, அம்புட்டு விளையாட்டுக் காட்டியிருக்கேன். ஆனா செத்தவுக வந்து சாப்பிடுறாக, போறாக, இதையெல்லாம் நான் ஒரு நாளும் நம்புனவன் கிடையாது. செங்கல் காளவாசல்ல என்கூட வேலை பார்த்த ஆரோக்கியம் அண்ணன், கல்லறைத் திருநாளுக்கு அவங்கப்பா கல்லறையில மெழுகுவர்த்தி கொளுத்தி, பூப்போட்டு, ஒரு கை பொரியும் தூவிட்டு வருவாரு. "ஏண்ணே, ஒங்கப்பாவுக்குப் பொரி கொறிக்கப் பல்லு இருக்கா?"ன்னு கேப்பேன். "நீங்க மட்டும் தீபாவளிக்குச் செத்தவுகளுக்கு வேட்டி வைக்கிறீகளே, வந்து உடுத்திக்கிட்டா போறாக?"ம்பாரு. ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம். எழுபதுகளோட கடைசி, எனக்குக் கல்யாணம் ஆன புதுசு.

மாமியார் வீடு எழுமலைப் பக்கம். என் சம்சாரம் செல்வியோட அண்ணன் பாண்டி, எங்க கல்யாணத்துக்கு முந்தின வருசம் கிணறு வெட்டுற இடத்துல பாறை சரிஞ்சு செத்தவரு. நான் போட்டோவுல பார்த்ததோட சரி. அன்னைக்குக் காலையில அத்தை ஏதோ வையப்போயி, மனுசன் கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமக் கிளம்பிட்டாரு. போனவரு திரும்பல. அதனால தீபாவளி மத்தியானம் அவருக்குப் பிடிச்ச கறிக்குழம்பு வச்சு இலை போடும்போதெல்லாம், அத்தைக்கு ஒரே ஒரு ஆசைதான். எம்மகன் வந்து ஒரு வாய் சாப்பிட்டான்னு தெரியணும்.

அங்க வழக்கம் என்னன்னா, படையல் போட்டுக் கும்பிட்டுட்டு எல்லாரும் வெளிய வந்து கதவைச் சாத்திடணும். செத்தவுக தனியா இருந்து சாப்பிடுவாகளாம். அப்புறம்தான் நமக்குச் சோறு. தலைதீபாவளிக்குப் போன எனக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்ச பசி. அந்த ரூமுக்குப் பின்னால மாட்டுக்கொட்டத்துப் பக்கம் ஒரு கதவு இருந்துச்சு. நைசா உள்ள போயி, இலையில வச்சிருந்த பூரணம் வச்ச சுசியம் ரெண்டை முழுங்கிட்டு, சுத்தி வந்து ஒண்ணுந் தெரியாத பிள்ளை மாதிரி நின்னுக்கிட்டேன்.

கதவைத் திறந்து இலையைப் பார்த்த அத்தை, "எய்யா, வந்துட்டியா!"ன்னு அழுதாங்க பாருங்க, வயித்துக்குள்ள போன சுசியம் கல்லாயிருச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. அடுத்த வருசம் நான் உள்ள போகலைன்னா, மகன் வரலையேன்னு அழுவாங்களேன்னு மறுபடி போனேன். மூணாம் வருசமும் போனேன். இதுல என்னமோ புண்ணியம் பண்றதா நெனப்பு வேற எனக்கு.

நாலாவது வருசம். ராத்திரியும் இல்ல, மழையும் இல்ல, சுள்ளுன்னு வெயில். உள்ள போயி, குனிஞ்சு சுசியத்துல கை வைக்கப் போறேன், 'சர்ர்'ருன்னு நல்லியெலும்பு உறிஞ்சுற சத்தம். என் வாய் மூடித்தான் இருக்கு. இலைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்ல. மறுபடி உறிஞ்சுச்சு. அப்புறம் எலும்பைத் தரையில டக்கு டக்குன்னு தட்டுற சத்தம். எனக்கு ஒரு சாமி பேரு கூட வாயில வரல. "மச்சான், நீங்க சாப்பிடுங்க மச்சான், நான் சும்மாதான் வந்தேன்"னேன். கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிறவன் மாதிரி! சத்தம் நின்னுருச்சு. ஓடுனேன். கன்னுக்குட்டிக் கயிறு தடுக்கி, தீபாவளி வேட்டியோட சாணியில விழுந்தேன்.

கதவைத் திறந்தாங்க. சுசியம் அத்தனையும் அப்படியே இருந்துச்சு. சோறு பாதி காலி. எலும்பு, சப்பி வெள்ளையா, இலைக்கு வெளிய இடது பக்கம் கிடந்துச்சு. பூனைன்னு நீங்க சொல்லுவீங்க. நானும் ரொம்ப நாள் அந்தப் பூனையைத் தேடுனேன்.

அத்தை இந்தத் தடவை அழுகல. இலையைப் பார்த்தாங்க, என் வேட்டியைப் பார்த்தாங்க. அப்புறம் தொட்டியடியில என் வேட்டியைக் கழுவத் தண்ணி ஊத்திக்கிட்டே மெதுவா, "கொட்டத்து வழியாத்தான மாப்ள போனீக?"ன்னாங்க.

நான் குனிஞ்சு வேட்டிச் சாணியைத் தேச்சேன்.

"மொத வருசம் நெசமாவே வந்துட்டான்னுதான் அழுதேன். திரும்பிப் பாத்தா ஒங்க மீசையில பூரணம். வெளிய சொன்னா மாப்ளைக்குக் கேவலம்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒங்களுக்குன்னு ரெண்டு சுசியம் சேத்துத்தான் வைக்கிறது."

"அத்தை, இன்னைக்கு நான் இல்ல. செல்வி மேல சத்தியமா நான் தொடல."

"எலும்ப இலைக்கு வெளிய, எடது பக்கம் போடுறது எம்மகன் பழக்கம். தரைய நாசம் பண்ணாதடான்னு வைவேன். செல்வி சொன்னாளாக்கும்?"

"அய்யோ அத்தை, அவரு வந்தாரு! நான் கேட்டேன், சத்தம் கேட்டேன்!"

"போதும் மாப்ள ஒங்க விளையாட்டு." சிரிச்சாங்க. "இந்தக் கிழவி சந்தோசத்துக்கு எம்புட்டு மெனக்கெட்டிருக்கீக. நல்லாயிருங்க."

நான் சத்தியம் பண்ணப் பண்ண அவங்க இன்னும் சிரிச்சாங்க. செல்வியைக் கேட்டேன், அவ அப்படி ஒண்ணும் சொன்னதில்லையாம். அத்தை அதுக்கப்புறம் ரெண்டு தீபாவளிதான் இருந்தாங்க. மகன் வரவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டேதான் போயிச் சேர்ந்தாங்க.

இப்ப அத்தைக்கும் மச்சானுக்கும் ரெண்டு இலையா நாங்கதான் போடுறோம். நான் வெளிய தவிப்போட நிப்பேன். ஒரு பருக்கை குறைஞ்சதில்ல. என் மனசுல நிக்கிறது அந்த எலும்பு இல்லீங்க, அந்தப் பாதிச் சோறு. குழம்பு ஊத்திப் பிசைஞ்சு, அடுத்த வாய்க்கு உருட்டுன உருண்டை ஒண்ணு இலையில அப்படியே இருந்துச்சு. நான் வாயைத் திறந்ததும் அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு.