அரசர் பெயரால் மூடிய பள்ளம்

கிழக்கு லண்டனில் எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே தெருவில் பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. கவுன்சிலுக்கு எத்தனை முறை எழுதியும் பயனில்லை. அரசர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார் என்றதும், அவர் வரும் பெரிய வீதிக்கு மட்டும் அவசரமாகத் தார் போட்டார்கள்.

"இந்தக் காலத்திலயும் ஒரு ராசா என்னத்துக்கு?" என்று சாப்பாட்டுக்குச் சாப்பாடு திட்டுகிற என் கணவர், இடுப்பில் கட்டிய சாரத்தோடு தெருமுனைக்கு ஓடினார். தார் போட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயரிடம், பள்ளிக்கூடம் முடிந்ததும் அரசர் எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வருகிறார் என்று கூசாமல் சொன்னார். பின்னால் நின்ற எனக்கு மானம் போனது.

அந்த மனிதர் சாரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மிஞ்சிய தாரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து எங்கள் பள்ளத்தை மூடினார்.

நன்றிக்கு நான் தேநீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, தனக்கும் ராசா ராணி எல்லாம் பிடிக்காது என்றார். கணவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. இருவரும் ஈரத் தாரின் ஓரத்தில் நின்று முடியாட்சியைக் கிழித்தெடுத்தார்கள்.

"இஞ்சேருங்கோ, கால் பத்திரம்!" என்று கணவரைப் பார்த்துக் கத்தினேன். பேச்சு வேகத்தில் அவர் கேட்கவில்லை. அவருடைய வலது செருப்பின் தடம் இன்றும் எங்கள் தெருவில் பதிந்திருக்கிறது.