உபகாரமேரி அழிக்க மறுத்த ஃபைல்கள்

உபகாரமேரியின் பட்டறையில் உடைந்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையைக் குப்பையில் போட்டால் திட்டு விழும். அச்சிலிருந்து எடுக்கும்போது ஆட்டுக்குட்டியின் காது போனாலும் சூசையப்பரின் கோல் போனாலும் தண்ணீர் டிரம்மில்தான் போட வேண்டும். மறுநாள் கரைந்து களிமண் கூழாகிவிடும். சூளைக்குப் போய் வந்ததைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. விருத்தாசலத்தில் வெகு காலமாகக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்து விற்கிறவள் அவள். எதையும் கரைக்க முடிவது, முடியாதது என்று இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பார்ப்பாள்.

அதனால்தான் மகன் பிரின்ஸ் லீவில் வந்து, "யம்மா, கம்ப்யூட்டர்ல புது சிஸ்டம் போட்டுடறேன்" என்றபோது தலையாட்டினாள். பிடிக்காவிட்டால் கரைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. அவன் பெங்களூருக்கு பஸ் ஏறியபிறகுதான் தெரிந்தது, ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் அசையவில்லை என்று. மாதாவின் நீல அங்கியில் நட்சத்திரம் வர வேண்டுமானால், அதில் வெட்டிய ஸ்டிக்கரை ஒட்டித்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். மெஷினை ஓட்டும் பழைய புரோகிராம் புது சிஸ்டத்தில் திறக்கவே இல்லை.

சுட்ட பொம்மைகள் சுவரோரம் வெள்ளை வெளேரென்று நின்றன. நவம்பர் பாதி போய்விட்டது. திட்டக்குடிக்கும் நெய்வேலிக்கும் நேரத்தில் செட் போகாவிட்டால் கோயில்காரர்கள் பிளாஸ்டிக் பொம்மை வாங்கிவிடுவார்கள். ஒரு வருடம் அதற்குப் பழகியவர்கள் மறுபடி இவளிடம் வர மாட்டார்கள்.

பிரின்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, திரையில் தெரிவதைச் சொன்னாள்.

"இடம் பத்தலைன்னு செவப்பா காட்டுதுல்ல? பழைய சிஸ்டத்தோட ஃபைலெல்லாம் ஓரமா கெடக்குது. அதை டெலீட் பண்ணும்மா."

"பண்ணா மெஷினு ஓடுமா?"

"ஓடும்னு நெனைக்கிறேன்."

"ஓடலைன்னா பழசுக்குத் திரும்பலாமா?"

"அது எப்படி? அதை அழிச்சிட்டா முடியாது."

"அப்ப அழிக்க மாட்டேன்."

"நீ அழிக்கலைன்னாலும் கொஞ்ச நாள்ல அதுவே போயிடும்மா."

உபகாரமேரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கரைக்க முடியாம சூளைக்குப் போற தேதியை வச்சிக்கினுதான் பேசறியா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன? திரும்பறதுக்கு எங்க அமுக்கணும், சொல்லு."

"பழசுக்குப் பாதுகாப்பு கெடையாது. வைரஸ் வரும்."

"நெட்டைப் புடுங்கிடறேன்."

"பென்டிரைவ்ல வரும்."

"அதையும் சொருக மாட்டேன்."

"புது மெஷினு வாங்கித் தரேன், விடும்மா."

"மெஷினுக்கு என்ன கேடு? நீ வர்ற வரைக்கும் நல்லாத்தான ஓடிச்சு."

பெயிண்ட் அடிக்கும் வீராயி ஸ்பிரே கன்னைத் துடைத்தபடி சிரித்தாள். "விடுங்கக்கா. ஆபீஸ்ல மேனேஜரு பத்தாதுன்னு உங்க கிட்டயும் திட்டு வாங்குது புள்ள."

கணவர் செல்வநாதன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்றான், கேளேன் மேரி."

"படிச்ச புள்ளைய வந்து நட்சத்திரம் வெட்டச் சொல்லுங்க."

"திரும்பறதுக்கு வழி நான் சொல்ல மாட்டேம்மா" என்றான் பிரின்ஸ்.

"சொல்லாட்டி போ. பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் கடையில கேட்டுக்கறேன். எங்க பிரின்ஸு கெடுத்துட்டான், சரி பண்ணிக் குடுங்கன்னு உன் பேரைச் சொல்லியே கேக்கறேன்."

எங்கே அமுக்க வேண்டும் என்று பிரின்ஸ் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் அமுக்கிக்கொண்டே போனாள். ஏன் திரும்பிப் போகிறீர்கள் என்று கம்ப்யூட்டர் காரணம் கேட்டது. கண்ணில் பட்ட முதல் கட்டத்தில் டிக் அடித்தாள். அதற்குப் பதில் அப்டேட் பார்க்கலாமே என்றது.

"உன் புள்ளை மாதிரியே பேசுது" என்றார் செல்வநாதன்.

"அதுக்கும் அதே பதில்தான்." வேண்டாம் என்பதை அமுக்கினாள்.

திரை கறுத்தது. நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று வீராயி ஃபேனை நிறுத்தினாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்லவில்லை. வியர்த்து ஊற்ற மூவரும் நின்றார்கள். கடைசியில் பழைய சிஸ்டத்தின் படம் திரையில் வந்தது. பிரின்ஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்த வீடியோ கால் புரோகிராம் காணாமல் போயிருந்தது. உபகாரமேரி நெட் ஒயரை உருவிச் சுருட்டிவைத்துவிட்டு மெஷினைப் போட்டாள். அது முனகிக்கொண்டு ஒரு நட்சத்திரத்தை வெட்டியது. முனை ஒன்று லேசாகப் பிசிறியிருந்தது.

"ஓடுதாம்மா?"

"ஓடுது."

"எத்தனை நாளைக்கு இதையே வச்சி ஓட்டுவ? அடுத்த வருஷம் என்ன பண்ணுவ?"

"அதை ஜனவரியில வந்து கேளு. அப்பவும் என்னைக் கேக்காம கைய வைக்காத. இப்ப போனை வை, பிளேடு மாத்தணும்."