முதலில் கையைத் தூக்கிய காமாட்சி அக்கா

அன்று காலை பத்து மணியளவில் தபாலகத்தில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஓட்டோ ஓட்டும் ஜெயந்தன் உள்ளே வந்தான். வழக்கமாக வாசலில் நின்று ஹோர்ன் அடித்தே என்னைக் கூப்பிடுகிறவன். அன்று முகப்பு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னையே பார்த்தான்.

"அக்கா மோசம் போயிட்டா, அண்ணை. வவுனியா ஆசுப்பத்திரியில. விடியக்காலமையாம்."

இறந்தது எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு அக்கா என்றால் ஒருவர்தான். கையிலிருந்த கடிதக் கட்டை மேசையில் வைத்தேன். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்: ஒரு சிகரெட் வேண்டும். விட்டு ஆறு வருடங்களுக்குப் பிறகும் அதுதான் முதலில் வந்தது. ஜெயந்தனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "கொஞ்ச நேரம் இஞ்சயே இருக்கிறன் அண்ணை. தனியப் போனா கடைக்குத்தான் போவன்" என்றான். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டேன். மத்தியானம் வரை அவன் அதில் இருந்தான். நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்குக் காமாட்சி அக்காவைத் துணுக்காய்ச் சந்தையில் மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் விற்றவராகத் தெரியும். மாதர் சங்கக் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டவராகச் சிலருக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு இங்கே வந்தபோது அவர் சிறுபிள்ளை. பேச்சு முழுதும் வன்னிப் பேச்சாகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் மலைநாட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும். கணவரை முள்ளிவாய்க்காலில் இழந்தார். மகள் வசந்தியோடு திரும்பி வந்து, காடாகிக் கிடந்த பழைய வீட்டு வளவைத் துப்புரவாக்கிக் கன்றுப் பாத்தி போட்டார். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. எங்களுக்கு அவர் யார் என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம், எங்கள் வைத்தியசாலையில் புகைப்பதை விடுவது பற்றி ஒரு தாதி பேசினார். நெஞ்சு மருந்துக்கு வந்த ஆண்களைப் பிடித்து இருத்தியிருந்தார்கள். நானும் அதில் ஒருவன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட். அக்கா பிரஷர் மருந்துக்கு வந்தவர், பின் வரிசை மர வாங்கிலில் இருந்தார். யாருடைய மனைவியோ என்று நினைத்தோம். பேசி முடித்த தாதி, "ஆர் ஆர் விட விரும்புறீங்கள்? கையைத் தூக்குங்கோ" என்றார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். பின் வாங்கிலில் ஒரு கை உயர்ந்தது.

"நான் பீடி பத்துறனான் மிஸ். நாப்பது வருஷத்துக்கு மேல. விட வேணும்."

யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்தார். "சிரிக்கிறதெண்டா சிரியுங்கோ தம்பி. சிரிச்சு முடிச்சாப் பிறகு கையைத் தூக்குங்கோ."

சிரித்தது ஜெயந்தன். இரண்டாவது கை அவனுடையது. மூன்றாவது என்னுடையது. நான்காவது கை மேசன் சூசையுடையது. அந்த அறையில் இருந்த மற்றவர்கள் தூக்கவில்லை. தாதி மாற்றலாகிப் போய்விட்டார். நாங்கள் நாலு பேரும் மிஞ்சினோம்.

ஞாயிறு காலைகளில் வவுனிக்குளத்து அணைக்கட்டில் நடப்பது என்று முடிவானது. நடந்துகொண்டே ஆளாளுக்கு விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்வோம். அப்படி நடந்த முதல் நாளில்தான் தனக்குப் பழக்கம் வந்த விதத்தை அக்கா சொன்னார். "அப்பா குசினிக்குப் போய் பீடியைப் பத்த வச்சுக் கொண்டு வா எண்டுவார். கொண்டு போற வழியில அணைஞ்சா அடி விழும். அதால ரெண்டு இழுவை இழுப்பன். பத்து வயசு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கல்யாணம் முடித்த பிறகு கணவருக்கும் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது. வயலில் களை பிடுங்கும்போது வரம்புக்கு மறைவில், வீட்டில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் புகைப்பாராம். நாற்பது வருட மறைவை அந்த வாங்கிலில் ஒரு நிமிடத்தில் அவர் உடைத்துப் போட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் எங்களுக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "பத்த வேணும் போல இருந்தா முதல் போன் கோல் எடுக்க வேணும். என்னட்டை எடு, சூசை அண்ணையிட்டை எடு, ஆரிட்டை எண்டாலும் எடு. கதைச்சு முடிச்சாப் பிறகும் வேணுமெண்டா பத்து. ஆரும் கையைப் பிடிக்க மாட்டினம்." நான் எடுத்த அழைப்புகளில் ஒரு தடவைகூட அவர் சிகரெட்டைப் பற்றிப் பேசியதில்லை. கன்றுக்கு இலைச்சுருள் வந்த கதை, பக்கத்து வீட்டு ஆடு வேலி பாய்ந்த கதை, வசந்தி கறிக்கு உப்புப் போட மறந்த கதை. போனை வைக்கும்போது பார்த்தால் வேண்டும் என்ற அந்த நினைப்பு எங்கோ போயிருக்கும்.

இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம் அழைப்பும் போதவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்கே போனேன். ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் இங்கே வந்தது. அக்காவின் வீடு எங்கள் வயலிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் ஐம்பது வருடத்தில், தோட்டத்து ஆட்கள் என்று, எங்கள் வீட்டார் யாரும் அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அன்று நான் முற்றத்தில் போய் நின்று, "அக்கா, ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன கேட்கிறேன் என்பது இருவருக்கும் தெரியும்.

"தேத்தண்ணி தரமாட்டன் தம்பி. தேத்தண்ணி குடிச்சா கை சிகரெட்டைத் தேடும். இருங்கோ, மோர் கொண்டு வாறன்."

இரண்டு செம்பு மோர் குடித்தேன். அன்று நான் சிகரெட்டும் பத்தவில்லை.

இப்படி எழுதும்போது நான் நல்ல பிள்ளையாக இருந்தேன் என்று தோன்றக்கூடும். மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் பழைய நண்பன் ஒருவன் பெட்டியை நீட்டினான். ஒன்றுதானே என்று எடுத்தேன். மறுநாள் இன்னொன்று. பிறகு தபாலகத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியின் மறைவில், ஒரு நாளைக்கு நாலு. ஞாயிறு வந்ததும் குளக்கட்டில் நடந்தபடி, "எழுபத்தொன்று" என்றேன். அடுத்த ஞாயிறு "எழுபத்தெட்டு" என்றேன். ஜெயந்தன் முதுகில் தட்டினான். நாலு கிழமை, ஞாயிறுக்கு ஞாயிறு இந்தப் பொய்யைச் சொன்னேன். பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஒன்றைப் பத்துவேன். வெட்கத்தை ஆற்ற வேறு வழி தெரியவில்லை.

அது மே மாதம். அக்கா தனியாக முள்ளிவாய்க்காலுக்குப் போய்க் கணவர் நினைவாகச் சுட்டி விளக்கு ஏற்றிவிட்டு வந்த கிழமை. அந்த ஞாயிறு அவர் நடக்கவில்லை. குளக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பிலிருந்து பாதிக் கட்டுப் பீடியையும் நெருப்புப் பெட்டியையும் எடுத்து எங்கள் முன் வைத்தார்.

"வரேக்க பஸ் ஸ்ராண்டில வாங்கினனான். வீட்டை வந்து சேருறதுக்குள்ள அஞ்சு பத்தியிட்டன். இண்டைக்கு எனக்கு முதலாம் நாள்."

அழவில்லை. தலையைக் குனியவுமில்லை. எங்கள் மூவரையும்விட அதிக நாள் தாக்குப் பிடிப்பார் என்று நாங்கள் நம்பியிருந்த ஆள் அவர். சூசை அந்தப் பீடிக் கட்டை எடுத்துக் குளத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து எறிந்தார். நான் நின்ற இடத்தில் நின்று, "அக்கா, எனக்கும் முதலாம் நாள்தான். நாலு கிழமையாப் பொய் சொன்னனான்" என்றேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "மணக்குது."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும். நீங்கள் ஒரு பொய்யைச் சுமந்தே களைச்சுப் போயிருந்தீங்கள், தம்பி."

அன்றிலிருந்து இன்று வரை நான் ஒரு சிகரெட்டும் பத்தவில்லை.

அடுத்த மே மாதம் அவரைத் தனியாகப் போக விடவில்லை. நாங்கள் மூவரும் கூடப் போனோம். அவர் சுட்டி ஏற்றினார். நாங்கள் தள்ளி நின்றோம். சூசையும் அந்த மண்ணில் ஆட்களை விட்டுவிட்டு வந்தவர்தான்; அவர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் ஒரு கடை. வாசலில் பீடிக் கட்டுகள் தொங்கின. அக்கா அதன் முன் நின்றுவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"என்னோட கதையுங்கோ. என்னெண்டாலும் கதையுங்கோ. நிப்பாட்டாதேங்கோ."

எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. சூசைக்கும் வரவில்லை. நாளுக்கு நாலு சொல் பேசுகிற ஜெயந்தன் முன்னுக்கு வந்தான்.

"அக்கா, காபரேட்டர் எப்பிடிக் கழுவுறதெண்டு தெரியுமோ?"

"தெரியாதடா. சொல்லு."

அவன் சொன்னான். பஸ்ஸில் ஏறியும் சொன்னான். ஒட்டுசுட்டான் தாண்டியும் சொன்னான். எந்த ஆணியை முதலில் கழற்றுவது, எந்தத் துவாரத்தில் ஊதுவது, பெற்றோலில் எவ்வளவு நேரம் ஊறப் போடுவது. அக்கா இடையிடையே சந்தேகம் கேட்டார். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாங்குளத்தில் இறங்கும்போது அக்காவுக்கு முகம் தெளிந்திருந்தது. "அந்த நினைப்பு போயிட்டுது" என்றார். பிறகு ஜெயந்தனிடம், "உன்ர ஓட்டோ இனி நிண்டா என்னைக் கூப்பிடு. நான் திருத்தித் தாறன்" என்றார். நாங்கள் நாலு பேரும் நடுச் சந்தியில் நின்று சிரித்தோம். அந்த நாளில் அப்படிச் சிரித்ததற்கு எங்களில் யாரும் பிறகு வருந்தவில்லை.

பீடி சிகரெட் பத்தாமல் இருப்பது கஷ்டமா என்று ஊரில் யாராவது கேட்டால் அக்கா சொல்வது இதுதான்: "பத்தாமல் இருக்கலாம். தனியப் பத்தாமல் இருக்கிறதுதான் கஷ்டம்."

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வவுனியாவில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், நுரையீரல் முன்னமே பழுதாகிவிட்டது, இனி அதைப் பழையபடி ஆக்க முடியாது, மருந்தோடு சமாளிக்கலாம் என்றார். அந்தச் செய்தியோடு நாங்கள் அவருடைய முற்றத்தில் இருந்தோம். ஜெயந்தன்தான் தாங்காமல், "அப்ப விட்டும் என்னக்கா பிரயோசனம்?" என்றான்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "என்னடா பேசுற நீ? சும்மாவா விட்டேன்?" மூச்சு வாங்கியது. ஆறும் வரை காத்திருந்தோம். பிறகு மெதுவாக, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னார். "முருங்கைப் பூவுக்கு மணம் இருக்கெண்டு எனக்கு இதை விட்டாப் பிறகு, ஐம்பத்தாறு வயசிலதான் தெரியும். இந்த மரம் நான் வச்ச மரம். டொக்டர் சொன்னவர், விட்டிருக்காட்டி எப்பவோ போயிருப்பியள் எண்டு. விட்ட இந்த நாலு வருஷமும் நான் ஆருக்கும் ஒளிக்காமல் இருந்தனான். அது காணாதோ?"

ஜெயந்தன் எழுந்து போய்க் கிணற்றில் முகம் கழுவினான். அதற்குப் பிறகு அக்காவால் குளக்கட்டு ஏற முடியவில்லை; ஞாயிறுகள் அவருடைய முற்றத்துக்கு மாறின. கடைசி ஞாயிறு வரை அவர் தன் நாளைச் சொன்னார். மற்றவர்கள் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

செத்தவீட்டில் நடந்ததை அங்கே வராதவர்களுக்காக எழுதுகிறேன். தட்டத்தில் வெற்றிலை பாக்கு மட்டும் வைக்க வேண்டும் என்று அக்கா மகளிடம் சொல்லியிருந்தார். வசந்தியும் அப்படியே வைத்தாள். ஆனால் உறவினர் ஒருவர், முறை தப்பக்கூடாது என்று, சிகரெட்டும் பீடியும் பரப்பிய தட்டம் ஒன்றைப் பந்தலுக்குள் கொண்டுவந்தார். அவரில் பிழை இல்லை. எங்கள் செத்தவீடுகளில் அதுதான் வழக்கம். தட்டம் கை மாறிக் கை மாறி எங்கள் பக்கம் வந்தது. என் முழங்காலுக்கு நேரே நின்றது. நான் அதைப் பார்த்தேன். பக்கத்தில் ஜெயந்தனின் கை மடியிலிருந்து எழும்பியது எனக்குத் தெரிந்தது.

அப்போது சூசை எழுந்தார். வீடு கட்டுகிற இடத்தில்கூடக் கையால்தான் பேசுகிற மனிதர். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார்:

"குறை நினைக்காதேங்கோ. இஞ்ச இருக்கிற நாங்கள் மூண்டு பேர் இந்தப் பத்துற பழக்கத்தை விட்டது கிடத்தியிருக்கிற அக்காவால. இண்டைக்கு எங்களுக்குச் சரியான கஷ்டமா இருக்கு. எங்களுக்கு உதவி செய்யிறதெண்டா, தயவு செய்து இந்தத் தட்டத்தை உள்ள கொண்டு போங்கோ."

தட்டத்தைக் கொண்டுவந்தவரே வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். பத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே ஒழுங்கைக்குப் போனார்கள். அதில் ஒருவர், துணுக்காயில் அரிசி மில் வேலைக்குப் போகிறவர், திரும்பி வந்து சூசையின் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கூடுறனீங்கள்?" என்று கேட்டார்.

ஏழு மணிக்கு. குளக்கட்டில். அடுத்த ஞாயிறே அவர் வந்தார். இதை எழுதும்வரை நாலு ஞாயிறு ஆகிவிட்டது. கூட்டம் திரும்ப நாலு பேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அக்காவின் இடம் அக்காவின் இடம்தான். ஆனால் கூட்டம் நிற்கவில்லை. நிற்காது.

காமாட்சி அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது என்ன என்று யோசித்தேன். மன உறுதி என்று எழுதலாம். அது எனக்கு அவ்வளவாக இல்லை. அவரும் தன்னிடம் இருந்தது என்று சொன்னதில்லை. என்னிடம் இருப்பது, உதவி வேண்டும் என்று வெட்கப்படாமல் வாய் திறந்து கேட்கிற பழக்கம். ஐம்பத்து நாலு வயது வரை நான் யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டு அறியாதவன். இப்போது கேட்கிறேன். வீட்டிலும் கேட்கிறேன், தபாலகத்திலும் கேட்கிறேன்.

இந்த வரியை எழுதும்போதும் எனக்கு ஒன்று பத்த வேண்டும் போலத்தான் இருக்கிறது. சூசைக்குக் கோல் எடுத்தேன். வெண்டிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறாராம், வந்தால் ஒரு மண்வெட்டி சும்மா கிடக்கிறது என்கிறார். பேனையை மூடிவிட்டு அங்கே போகிறேன்.