கண்ணை மூடச் சொன்ன வகுப்பு

அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் பள்ளிக்கு நான் வேன் ஓட்டுகிறேன். பதினோரு வருஷம். என் வேனில் வரும் பிள்ளைகளின் தாய்மார்களில் தையல்காரம்மா ஒருத்தி. மகளுக்குப் பதினேழு வயசு, புத்தி நாலு வயசோடு நின்றுவிட்டது. ராத்திரி எழுந்து குழாயைத் திறப்பாள், அடுப்பைத் திருகுவாள். அம்மாக்காரி எங்கே தூங்குவது? வீட்டுக்காரர் இருக்கிறார், சோபாவுக்கும் ஒரு ஆள் வேண்டுமே. நாத்தனார் மாசத்துக்கு ஒருமுறை வந்து, "தைரியமா இரு அண்ணி" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவாள்.

இவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று ஒரு மேடம் வந்தது. சனிக்கிழமை ஒரு மணி நேரம். பிள்ளைகளை ஆயாவும் நானும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வகுப்பில் ஒத்துழைக்காவிட்டால் பிள்ளையின் இடம் வேறு ஆளுக்குப் போகும் என்று பள்ளியை நடத்தும் பெரிய சாரும் நோட்டீஸ் ஒட்டினார். அழுத்தத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி உண்டா?

"கண்ண மூடுங்க. கடற்கரையில நடக்கறீங்க" என்றது மேடம். தையல்காரம்மா ரெண்டு அடி வைப்பதற்குள் குறட்டை விட்டாள். மூன்று வாரமும் அதே கதை. ஒத்துழைக்கவில்லை என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டது.

பெரிய சார் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன்.

"வகுப்புக்குத் தூங்கவாம்மா வர்றீங்க?"

"ஆமா சார். இவ பள்ளிக்கூடத்துல இருக்கறப்ப நான் தைக்கணும். அத விட்டா அந்த ஒரு மணி நேரந்தான் இவ கைய வேற ஆளு பிடிக்குது."

"தூங்கறது பயிற்சி இல்ல" என்றது மேடம்.

"அப்ப நீங்க இவளப் பாத்துக்கங்க. நான் வீட்டுல போய் மூச்சு விட்டுட்டு வரேன்."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தது.

வாசலில் மற்ற தாய்மார்களும் வந்து நின்றார்கள். பேக்கரிக்காரம்மா சொன்னாள்: "நாங்களுந்தான் சார் தூங்கறோம். இவளுக்குக் குறட்டை வருது, அதனால மாட்டிக்கிட்டா. இவ பொண்ண பள்ளிக்கூடத்த விட்டு எடுத்தீங்கன்னா சனிக்கிழமை ஒருத்தியும் வர மாட்டோம்."

ஆளே வராத வகுப்புக்கு என்ன ரிப்போர்ட் எழுதுவது? மேடத்துக்கு அப்போதுதான் புத்தி வந்தது. "விடுங்க சார், இந்த ஒரு தடவை" என்றது. பெரிய சார் தாளைக் கிழித்தார்.

இப்போது வகுப்பறையில் பாய் விரித்திருக்கிறோம். மேடம் மூலையில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறது. 'தாய்மார்களிடம் நல்ல முன்னேற்றம்' என்று எழுதுகிறதாம். எழுதட்டும். அந்த மேடம் எழுதியதில் உண்மை அது ஒன்றுதான்.